பழைய கட்டடத்தின் தலைக்கு மேலே இருக்கும் காற்றுக்குத்தான் விலை

கேள்வி இதுதான்: நகரம் வேகமாக வளர்கிறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் புதிய கட்டடத் திட்டங்கள், நூறு நூற்றைம்பது வருடத்துக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. வளர்ச்சி வேண்டுமென்றால் இதைத் தவிர்க்கவே முடியாதா? தெருவைப் பார்த்த முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே புதிதாகக் கட்டிக்கொண்டால் போதாதா?

முதல் கேள்விக்குப் பதில்: தவிர்க்க முடியும், பல நகரங்கள் தவிர்த்திருக்கின்றன. இரண்டாவதற்கு: சில இடங்களில் போதும், பெரும்பாலான இடங்களில் அது மனதைத் தேற்றிக்கொள்ளும் வழி மட்டுமே. ஆனால் இரண்டையும் பேசுவதற்கு முன்னால், ஒரு பழைய கட்டடம் ஏன் இடிபடுகிறது என்பதைச் சரியாகப் பார்த்துவிட வேண்டும். இடிப்பதற்கு முன் எல்லோரும் சொல்லும் காரணம், “பழசாகிவிட்டது, பலம் போய்விட்டது” என்பது. ஒழுகும் கூரை, விரிசல் விட்ட சுவர், கறையான் அரித்த உத்திரம் எல்லாமே செப்பனிடக்கூடியவை. பெரும்பாலும் உண்மையான காரணம் கட்டடத்துக்குள் இருக்காது, அதன் தலைக்கு மேலே இருக்கும்.

ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதை நகரத் திட்ட விதிகள் ஓர் எண்ணால் சொல்கின்றன. தளப்பரப்புக் குறியீடு என்று பெயர், பேச்சு வழக்கில் எஃப்எஸ்ஐ. அந்த எண் 2 என்றால், 1,000 சதுர மீட்டர் மனையில் எல்லா மாடிகளையும் சேர்த்து 2,000 சதுர மீட்டர் கட்டலாம். அங்கே 600 சதுர மீட்டரில் ஒரு பழைய மாளிகை நிற்கிறது என்று வையுங்கள். பாக்கி 1,400 சதுர மீட்டர், கட்டப்படாமல், கண்ணுக்குத் தெரியாமல் அதன் மேலே மிதந்துகொண்டிருக்கிறது. அப்புறம் ஒருநாள் பக்கத்தில் மெட்ரோ நிலையம் வருகிறது, குறியீட்டை 4 ஆக உயர்த்துகிறார்கள். அன்று அந்த மாளிகையில் ஒரு செங்கல்கூட அசையவில்லை. ஆனால் மேலே மிதப்பது 3,400 ஆகிவிட்டது. இனி அந்தக் கட்டடத்தை வைத்திருப்பது என்பது, ஒவ்வொரு நாளும் அந்த 3,400 சதுர மீட்டரை வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். உரிமையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பிள்ளைகள் காலத்திலாவது அந்தக் கணக்கு வென்றுவிடும்.

அதனால்தான், “பாரம்பரியத்தின் மேல் மக்களுக்கு அக்கறை இல்லை” என்ற புலம்பலில் எனக்கு நம்பிக்கை இல்லை. குறியீட்டை உயர்த்தும் கோப்பில் கையெழுத்து விழும் நாளிலேயே பாதிக் கட்டடங்களின் தலையெழுத்தும் எழுதப்பட்டுவிடுகிறது. அந்த நாளில் யாரும் போராடுவதில்லை, புல்டோசர் வரும்போதுதான் கூடுகிறார்கள்.

இந்தக் கணக்கை நேராகக் கையில் எடுத்த நகரம் நியூயார்க். அது அங்கே ஒரு பெரிய இழப்பில் தொடங்கியது. 1910இல் திறந்த பென்சில்வேனியா ரயில் நிலையம், கல்தூண்களும் கண்ணாடிக் கூரையுமாக ஊரே பெருமைப்பட்ட கட்டடம். காரும் விமானமும் வந்தபின் ரயில்வே நிறுவனம் நஷ்டத்தில் ஓடியது. நிலையத்தின் மேலே இருந்த வெளியை விற்றார்கள். 1963 அக்டோபரில் இடிக்கத் தொடங்கினார்கள். மேலே விளையாட்டரங்கமும் அலுவலகக் கோபுரமும் வந்தன. ரயில்கள் மட்டும் இன்றுவரை கீழே நிலத்தடியில் ஓடுகின்றன. இடித்த அதிர்ச்சியில் 1965இல் நகரம் ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது.

மூன்றே ஆண்டுகளில் அந்தச் சட்டத்துக்குச் சோதனை வந்தது. 1913இல் திறந்த கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேலே 50 மாடிக்கும் அதிகமான கோபுரம் கட்ட 1968இல் உரிமையாளரான ரயில்வே விண்ணப்பித்தது. கட்டடக் கலைஞர் மார்செல் ப்ராயர், சாதாரண ஆள் இல்லை. அந்தச் சட்டத்தை அமல்படுத்தும் நகர ஆணையம் மறுத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1978இல் 6க்கு 3 என்ற கணக்கில் நகரம் வென்றது. தீர்ப்பில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நிலையத்தின் மேலே கட்ட முடியாவிட்டாலும், பயன்படுத்தாத அந்த உரிமையை அருகிலுள்ள வேறு மனைகளுக்கு மாற்றிக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது, ஆகவே உரிமையாளரிடமிருந்து எல்லாவற்றையும் பறித்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை, சுருக்கமாக டிடிஆர், என்று இப்போது பல நாட்டு விதிகளில் இருக்கும் ஏற்பாட்டுக்குப் பெரிய பலம் கிடைத்தது இந்தத் தீர்ப்பில்தான்.

அது நடைமுறையில் எப்படி வேலை செய்யும் என்பதற்கு அதே ஊரில் செயின்ட் பார்த்தலோமியூ தேவாலயத்தின் கதையைச் சொல்லலாம். 1980களில் அந்தத் தேவாலயமே தன் வளாகத்தில், பக்கத்துச் சமூகக்கூடம் இருந்த இடத்தில், ஓர் அலுவலகக் கோபுரம் கட்டக் கேட்டது. பணம் வேண்டும், தர்ம காரியங்கள் செய்ய வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆணையம் விடவில்லை. மத சுதந்திரம் என்று நீதிமன்றம் போனார்கள், 1990இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். 2017இல் அந்தப் பகுதியில் உரிமையை இன்னும் தூரத்துக்கு மாற்றலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அதன்பின், சில தெருக்கள் தள்ளிக் கட்டப்பட்ட ஒரு பெரிய வங்கியின் தலைமையகத்துக்குத் தேவாலயம் தன் காற்றை விற்றது. தேவாலயம் அப்படியே நிற்கிறது, பணமும் வந்தது, கோபுரமும் எழும்பியது. நாற்பது வருடம் எல்லோரும் சண்டை போட்டது ஒரு கணக்குப் பிரச்சினைக்காக.

இதில் ஒரு பொறி உண்டு, பல நகரங்கள் அதில்தான் விழுகின்றன. உரிமையை விற்க வேண்டுமென்றால் வாங்க ஆள் வேண்டும். நகரம் முழுக்கக் குறியீட்டை இலவசமாக அள்ளிக் கொடுத்துவிட்டால், காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? சட்டப் புத்தகத்தில் டிடிஆர் இருக்கும், சந்தையில் அதற்கு மதிப்பு இருக்காது. உங்கள் ஊர்த் திட்டத்தில் “பாரம்பரியக் கட்டடங்களுக்கு டிடிஆர் உண்டு” என்று எழுதியிருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், அதை எந்தப் பகுதியில் பயன்படுத்தலாம், அங்கே அடிப்படைக் குறியீடு எவ்வளவு என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். நகரங்கள் முதல் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுத்தான் இரண்டாவதைக் காப்பாற்றுகின்றன. பென் நிலையம் போனதால் கிராண்ட் சென்ட்ரல் பிழைத்தது. லண்டனில் யூஸ்டன் நிலையத்தின் பெரிய நுழைவாயிலை 1961–62இல் இடித்தார்கள். அந்தக் கோபம் ஆறாததால், பக்கத்திலேயே இருக்கும் செயின்ட் பான்க்ராஸ் நிலையத்தை இடிக்கும் பேச்சு வந்தபோது எதிர்ப்பு தயாராக இருந்தது. 1967இல் அதற்கு முதல் தரப் பாதுகாப்பு கிடைத்தது, 2007 முதல் கடலடி வழியாக ஐரோப்பா போகும் ரயில்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. பாரிஸில் லெ ஆல் சந்தையின் இரும்புக் கூடங்களை 1971 முதல் இடித்தார்கள், ஊர் கொந்தளித்தது. அதே காலத்தில் இடித்து ஹோட்டல் கட்டவிருந்த ஓர்சே ரயில் நிலையம் தப்பி, 1986இல் அருங்காட்சியகமானது. 1900இல் திறந்த அந்த நிலையம், நீளமான மின்சார ரயில்களுக்கு நடைமேடை போதாமல் 1939லேயே தொலைதூர ரயில்களை இழந்திருந்தது. உபயோகமற்றது என்று சொல்ல இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. இன்று அதன் முன்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்லலாம்தான். ஆனால் உங்கள் நகரத்தில் ஏற்கெனவே ஒன்றை இழந்திருந்தால், அந்த வருத்தம் ஆறுவதற்குள் அடுத்ததற்கு விதியை எழுத வைப்பதுதான் புத்திசாலித்தனம். வருத்தத்துக்கு ஆயுள் குறைவு.

சரி, சட்டம் வந்துவிட்டால் போதுமா? போதாது. இதற்கு என்னிடம் இருக்கும் மிகச் சிறந்த உதாரணம் தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் இரண்டு மின் நிலையங்கள். பேட்டர்சீ, பேங்க்சைட். இரண்டின் தோற்றத்தையும் வடிவமைத்தவர் ஒரே ஆள், கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். இரண்டும் செங்கல் மலைகள். பேட்டர்சீக்கு 1980இல் பாதுகாப்புப் பட்டியலில் இடம் கிடைத்தது, 1983இல் மின் உற்பத்தி நின்றது. பொழுதுபோக்குப் பூங்கா ஆக்குகிறேன் என்று வந்தவர் கூரையைப் பிரித்துவிட்டுப் பணம் தீர்ந்து போனார். ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டங்கள் வந்தன, விழுந்தன. மழையில் நனைந்துகொண்டே நின்று, 2022இல்தான் கடைகளும் அலுவலகங்களும் வீடுகளுமாகத் திறந்தது. அதற்குள் நான்கு புகைபோக்கிகளின் கான்கிரீட்டும் சிதைந்து போனதால், அவற்றைப் பிரித்து அதே அச்சில் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. ஊர்க்காரர்கள் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் புகைபோக்கிகள் ஏறத்தாழ பத்து வருடத்துப் பிள்ளைகள்.

பேங்க்சைட் 1981இல் மூடப்பட்டது. அதற்குப் பட்டியலில் இடமே கிடைக்கவில்லை. ஆனால் ஓர் ஓவிய அருங்காட்சியகம் அதைப் பார்த்து, “இந்தப் பெரிய டர்பைன் கூடம் எங்களுக்கு வேண்டும்” என்றது. ஸ்விஸ் கட்டடக் கலைஞர்களான ஹெர்சாக், டி மியூரான் இருவரும் அதைப் பெரிதாகச் சீண்டாமல் மாற்றினார்கள். 2000இல் டேட் மாடர்ன் திறந்தது. பாதுகாப்பு கிடைத்த கட்டடம் ஏறத்தாழ நாற்பது வருடம் பாழடைந்து கிடந்தது, பாதுகாப்பே இல்லாதது பத்தொன்பது வருடத்தில் உயிர் பெற்றது. சட்டம் வேண்டாம் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை; பட்டியல் இல்லாமல் இருந்திருந்தால் பேட்டர்சீ இன்று மண்ணோடு மண்ணாகியிருக்கும். சட்டம் இடிப்பைத்தான் தடுக்கும். கூரையை யார் பழுதுபார்ப்பார்கள் என்ற கேள்விக்கு, உள்ளே யார் இருக்கப் போகிறார்கள் என்பதுதான் பதில்.

இப்போது முகப்பை மட்டும் வைத்துக்கொள்ளும் யோசனைக்கு வருவோம். பார்க்க எளிதாகத் தெரியும், செய்யும்போது அப்படி இருக்காது. பழைய கட்டடத்தின் வெளிச்சுவர் தனியாக நிற்கக் கட்டப்பட்டதல்ல. தளங்களும் குறுக்குச் சுவர்களும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உள்ளே காலி செய்ய வேண்டுமென்றால் முதலில் தெருவில் இரும்புச் சட்டம் நிறுத்திச் சுவரைத் தாங்க வேண்டும், அதற்கே பெரும் செலவு. அடுத்த தொல்லை உயரம். பழைய கட்டடங்களில் மாடிக்கு மாடி உயரம் அதிகம், நான்கு நான்கரை மீட்டர் சாதாரணம். புதிய திட்டம் அதே உயரத்துக்குள் கூடுதல் மாடியைத் திணிக்கப் பார்க்கும். விளைவு, பழைய ஜன்னலின் நடு வயிற்றில் புதிய தளம் குறுக்கே போகும். வெளியே நின்று பார்த்தாலே கண்ணாடிக்குப் பின்னால் கான்கிரீட் பலகை தெரியும். வீட்டுக்கு முகமூடி மாட்டியது போல இருக்கும்.

ப்ரஸல்ஸ் நகரம் பழையதை அகற்றிவிட்டுக் கட்டும் வழியில் போய்ப் பெயரையே கெடுத்துக்கொண்டது. கண்மூடித்தனமாக இடித்துக் கட்டுவதற்கு நகரத் திட்டக்காரர்கள் ‘ப்ரஸல்ஸாக்கம்’ என்றே சொல்கிறார்கள். அந்த ஊரில் விக்டர் ஓர்தா என்ற மேதை தொழிலாளர் கட்சிக்காகக் கட்டிய மக்கள் மாளிகை, இரும்பும் கண்ணாடியுமாக 1899இல் திறந்தது. உலகம் முழுக்கக் கட்டடக் கலைஞர்கள் எதிர்த்தும் 1965இல் அதை எடுத்துவிட்டார்கள். இடிக்கவில்லை, பிரித்து வைக்கிறோம், வேறிடத்தில் நிறுத்துவோம் என்றார்கள். இரும்புத் துண்டுகள் அங்கும் இங்கும் கிடந்து துருவேறின, கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைந்தன. சில துண்டுகள் பின்னாளில் ஆண்ட்வெர்ப் நகரத்தில் ஓர் உணவகத்துக்கு அலங்காரமாயின. “பத்திரமாகப் பிரித்து வைக்கிறோம்” என்று யாராவது சொன்னால், எங்கே வைக்கப் போகிறீர்கள், கிடங்கு வாடகை யார் கொடுப்பது, எந்த மனையில் எந்த ஆண்டு நிறுத்துவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

முகப்பு போதும் என்று சொல்லக்கூடிய இடம் எது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்த்த ஊர் சிங்கப்பூர். நிலம் குறைவு, பண நெருக்கடி இல்லை, இடிப்பதில் தயக்கமும் இருந்ததில்லை. இருந்தும் 1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் உள்ளிட்ட பத்துப் பகுதிகளைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தது. இன்று 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அந்தக் கணக்கில் வருகின்றன. அவர்களுடைய விதி எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி இல்லை. வரலாற்றுப் பகுதிகளில் கடைவீடு (கீழே கடை, மேலே வீடு) முழுவதும் இருக்க வேண்டும்: கூரை, காற்று முற்றம், மரத்தளம், படிக்கட்டு எல்லாம். அதற்கு வெளியே இருக்கும் பிந்தைய குடியிருப்புப் பகுதிகளில் முன்பகுதியை வைத்துக்கொண்டு, பின்னால் அனுமதித்த உயரம்வரை புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். அங்கேயும் வைத்துக்கொள்வது வெறும் சுவரை அல்ல, அறைகளும் கூரையுமாக முன்கட்டு முழுவதையும். ‘ஐந்தடி’ என்று இன்று அழைக்கப்படும், கூரை போட்ட நடைபாதை வீதியோரம் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது 1822 நகரத் திட்டத்தில், ஆங்கிலேயச் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் போட்ட நிபந்தனை. மழையிலும் வெயிலிலும் இன்றைக்கும் ஜனங்கள் அதில்தான் நடக்கிறார்கள். முன்கட்டைக் காப்பாற்றினால் அந்த நிழல் பாதையும் சேர்ந்து பிழைக்கிறது.

சிங்கப்பூரைத் தலையில் தூக்கி ஆட வேண்டியதில்லை. 1960இல் திறந்த, ஒரு தலைமுறையே படித்து வளர்ந்த தேசிய நூலகத்தின் செங்கல் கட்டடத்தை, சாலைச் சுரங்கம் போட 2004இல் மூடி இடித்தார்கள். மக்கள் மனு போட்டும் நடக்கவில்லை. அழகான கட்டடம் என்று பெரும்பாலோர் வாதாடவில்லை. அவர்கள் இழந்தது நினைவை. அந்த மாதிரிக் கட்டடங்களுக்கு எந்தத் தரப்பட்டியலிலும் இடம் கிடைப்பது கஷ்டம்.

முகப்பு அரசியலின் இன்னொரு முகம் ஷாங்காயில் தெரியும். ஷின்டியான்டி என்ற பகுதியில் பழைய ஷிகுமென் சந்து வீடுகளின் சுவர்களையும் கல் வாசல்களையும் வைத்துக்கொண்டு 2001 வாக்கில் கடைகளும் மதுக்கூடங்களுமாக மாற்றினார்கள். வியாபாரம் அமோகம். அங்கே குடியிருந்த குடும்பங்கள் மட்டும் இல்லை. சுவர் பிழைத்தது, சந்து பிழைக்கவில்லை. நகரத் திட்டத்தில் “பாரம்பரிய வீதி” என்று படம் போட்டிருந்தால், அந்தப் படத்தில் துணி காயப் போட்டிருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன்.

பழையதன் பக்கத்தில் புதியது எப்படி இருக்க வேண்டும் என்பதில் கட்டடக் கலைஞர்களுக்குள் முடிவில்லாத சண்டை. பழைய தூணையும் வளைவையும் நகலெடுத்து ஒட்டுவது மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். பாதுகாப்புத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் 1964 வெனிஸ் சாசனம் இதற்கு நேர் எதிர். தவிர்க்க முடியாமல் சேர்க்கும் புதிய வேலை, பழையதிலிருந்து வேறுபட்டு, தன் காலத்தின் முத்திரையோடு இருக்க வேண்டும் என்கிறது. நானும் அந்தப் பக்கம்தான். போலித் தூண் பத்து வருடத்தில் பல்லிளிக்கும், அதோடு பக்கத்தில் இருக்கும் அசல் தூணையும் சந்தேகப்பட வைக்கும்.

ஆனால் தோற்றத்தைப் பற்றி நாம் வாதாடிக்கொண்டிருக்கும்போது, உண்மையான ஆபத்து காலுக்கடியில் இருக்கிறது. பாஸ்டனில் நடந்தது இதற்கு நல்ல பாடம். 1877இல் முடிந்த டிரினிட்டி தேவாலயத்துக்கு எதிரில் 1970களில் ஹான்காக் கோபுரம் எழுந்தது: 60 மாடி, 240 மீட்டர், முழுக்கக் கண்ணாடி. தன் உடம்பில் தேவாலயத்தின் பிம்பத்தைக் காட்டும் அந்தக் கோபுரத்தைப் பலர் பாராட்டுகிறார்கள், படமும் அழகாகத்தான் இருக்கும். படத்தில் வராதது கடைக்கால். அந்த இடம் முழுவதும் சதுப்பை மண் கொட்டி மேடாக்கிய நிலம். தேவாலயம் நிற்பது ஏறத்தாழ 4,500 மரக்கழிகளின் மேல். நிலத்தடி நீருக்குள் மூழ்கி இருக்கும்வரை மரக்கழி நூற்றாண்டுகள் உழைக்கும். நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் அழுகத் தொடங்கும். கோபுரத்துக்குத் தோண்டிய குழியின் தடுப்புகள் உள்வாங்கின, சுற்றுப்பட்ட நிலம் நகர்ந்தது, தேவாலயத்தின் சுவர்கள் விரிந்தன.

வழக்கில் தேவாலயம் வைத்த வாதம் புத்திசாலித்தனமானது. ஒரு கல் கட்டடம் எவ்வளவு நில இறக்கத்தைத் தாங்கும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பைத் தொட்டால் பிரித்துத் திரும்பக் கட்டுவதைத் தவிர வழியில்லை. பக்கத்துக் குழி எங்கள் கட்டடத்தை அந்த வரம்பை நோக்கி இத்தனை பங்கு தள்ளிவிட்டது, திரும்பக் கட்டும் செலவில் அத்தனை பங்கைக் கொடுங்கள் என்றார்கள். 1987இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கட்டடத்தின் ஆயுளில் ஒரு பகுதியைத் தின்றதற்கு நஷ்ட ஈடு!

ஆம்ஸ்டர்டாமில் மெட்ரோ தோண்டும்போது 2008இல் நிலையக் குழியின் நிலத்தடிச் சுவரில் நீர்க்கசிவு. மண் தண்ணீரோடு ஓடியது, 17ஆம் நூற்றாண்டு நெசவாளர் வீடுகள் 23 சென்டிமீட்டர்வரை இறங்கின. அடுத்த மார்ச்சில் கொலோன் நகரத்தில் அதே மாதிரி மெட்ரோ குழிச் சுவரின் குறை. நகர ஆவணக் காப்பகம் சில நிமிடங்களில் சரிந்து விழுந்தது, பக்கத்து வீட்டில் இருந்த இருவர் இறந்தார்கள். காப்பகக் கட்டடம் 1971ஆம் ஆண்டுடையதுதான். உள்ளே இருந்தவை ஆயிரம் வருட ஆவணங்கள். சேற்றிலிருந்து எடுத்த காகிதங்களைச் சுத்தம் செய்யும் வேலை பல பத்தாண்டுகள் நடக்கும்.

ஒழுங்காகச் செய்யவும் முடியும். 1990களில் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மெட்ரோ நிலையத்துக்கு 40 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஆழத்துக்குத் தோண்டினார்கள், பிக் பென் கோபுரம் பக்கத்திலேயே நிற்கிறது. கோபுரத்தின் அடிமண்ணில் குழாய்களை முன்கூட்டியே பரப்பி, சாய்வை நாள்தோறும் அளந்து, எங்கே மண் தளர்கிறதோ அங்கே மட்டும் சிமெண்டுக் குழம்பைச் செலுத்திக்கொண்டே போனார்கள். கோபுரம் நிற்கிறது. ஆகவே பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் பெரிய திட்டம் வந்தால், முகப்பு நிறத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. வேலை தொடங்கும் முன் பழைய கட்டடத்தின் ஒவ்வொரு விரிசலையும் படமெடுத்துப் பதிவு செய்தார்களா? விரிசல் அளவியும் சாய்வு அளவியும் எங்கே பொருத்தியிருக்கிறார்கள்? நீர்மட்டத்தைப் பார்க்கக் குழாய் இறக்கினார்களா? எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தால் வேலையை நிறுத்துவார்கள், நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? கடைக்காலுக்கான பைல் தூண்களை அடித்து இறக்கப் போகிறார்களா, துளையிட்டு இறக்கப் போகிறார்களா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கி வைத்தால், பின்னால் ‘விரிசல் முன்பே இருந்தது’ என்று யாரும் சொல்ல முடியாது.

உயரத்தைப் பற்றிச் சுருக்கமாக. வளர்ச்சி என்றால் பழைய மையத்தில் கோபுரம்தான் என்று இல்லை. பாரிஸில் 1973இல் 210 மீட்டர் மோன்பார்னாஸ் கோபுரம் வந்தது, ஊருக்கே பிடிக்கவில்லை. 1977இல் 37 மீட்டர் என்று உச்சவரம்பு போட்டார்கள், கோபுரங்களை நகர எல்லைக்கு வெளியே லா டெஃபான்ஸுக்கு அனுப்பினார்கள். அப்படியும் பாரிஸில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20,000 பேர் வாழ்கிறார்கள், பெரும்பாலும் ஆறேழு மாடிக் கட்டடங்களிலேயே. லண்டன் வேறு வழி: செயின்ட் பால் தேவாலயம் தெரியும் பார்வைக்கோடுகளைக் காப்பாற்றுகிறார்கள். லெடன்ஹால் கோபுரம் ஒரு பக்கம் சரிவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். ஆனால் பதினாறு கிலோமீட்டர் தள்ளி ரிச்மண்ட் பூங்காவிலிருந்து தெரியும் பார்வையில், 2016இல் தேவாலயத்துக்குப் பின்னால், பல கிலோமீட்டர் தள்ளி ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு கோபுரம் எழுந்து குவிமாடத்தை மழுங்கடித்துவிட்டது. முன்னால் காவல் போட்டவர்கள் பின்கட்டைக் கவனிக்கவில்லை.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டம் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். டிரெஸ்டன் ஒரு பாலத்துக்காக 2009இல் பட்டத்தை இழந்தது, லிவர்பூல் கப்பல்துறைக் கரைத் திட்டங்களுக்காக 2021இல் இழந்தது. பாலமும் கட்டினார்கள், கரையிலும் கட்டுகிறார்கள்.

பழுதுபார்ப்பு என்ற பெயரில் நடக்கும் கொலையையும் சொல்லிவிட வேண்டும். பழைய செங்கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அது கொஞ்சம் நெகிழும், உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டுப் பூச்சு பூசினால் ஈரம் மாட்டிக்கொள்ளும். உப்புப் பூக்கும், செங்கலின் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். அப்புறம் ஒரு பொறியாளர் வந்து தட்டிப் பார்த்து, “சுவர் இற்றுப் போய்விட்டது, இடித்துவிடலாம்” என்று சான்று கொடுப்பார். சுவரைக் கெடுத்தது இருபது வருடத்துக்கு முன் பூசிய சிமெண்டு. பலம் இல்லை என்ற சான்றிதழைப் பார்த்தால், கொடுத்தவருக்குச் சுண்ணாம்பு வேலை தெரியுமா என்று கேட்டு, தெரிந்த ஒருவரிடம் இரண்டாவது கருத்து வாங்குங்கள்.

நீங்கள் என்ன செய்யலாம் என்பதில், பட்டியல் போடுவதை முதலில் வைப்பேன். திட்டம் அறிவித்தபின் போடும் பட்டியல் பிரயோசனப்படாது. ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டடமாகப் படம், அளவு, ஆண்டு, இப்போது உள்ளே யார், கூரை எந்த நிலையில், மனைக்குக் குறியீடு எவ்வளவு, அதில் எவ்வளவு கட்டாமல் கிடக்கிறது என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்ன எண்ணைப் பெரும்பாலான ஆர்வலர்கள் விட்டுவிடுகிறார்கள். எது முதலில் போகும் என்பதை அந்த எண்தான் காட்டும். நகரத் திட்டத்தில் குறியீட்டை மாற்றக் கருத்துக் கேட்கும் அறிவிப்பு வரும், அந்த முப்பது அறுபது நாட்களில் இந்தப் பட்டியலோடு போய் நில்லுங்கள்.

ஒரு கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்கப் போகிறோம் என்ற செய்தி வெளியே கசிந்தால், சேர்ப்பதற்குள் இடித்துவிடுவார்கள். அதனால் இடைக்காலப் பாதுகாப்புக்கு விதி இருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். லண்டனின் மேற்குப் புறத்தில் 1928ஆம் ஆண்டின் ஃபயர்ஸ்டோன் டயர் தொழிற்சாலைக்கு 1980 ஆகஸ்டில் பாதுகாப்பு ஆணை தயாராகிக்கொண்டிருந்தது. இடையில் ஒரு நீண்ட வார விடுமுறை. அலுவலகம் திறந்து பார்க்கும்போது முகப்பு இல்லை. அந்த ஆத்திரத்தில் அரசு அந்தக் காலத்துக் கட்டடங்களை அவசர அவசரமாகப் பட்டியலில் ஏற்றியது. மேலே சொன்ன பேட்டர்சீ அப்படி வந்ததுதான். ஃபயர்ஸ்டோனை வடிவமைத்த அதே கட்டடக் கலை நிறுவனத்தின் ஹூவர் தொழிற்சாலையும் அந்த ஆண்டே பட்டியலில் ஏறியது. அதன் பின்பகுதியில் 1992இல் ஒரு சூப்பர்மார்க்கெட் வந்தது, வெள்ளை முகப்புக் கட்டடத்துக்குள் இப்போது மக்கள் குடியிருக்கிறார்கள்.